நாற்பதாவது பேரல்

அல் ஐன்
6 அக்டோபர் 2024, ஞாயிறு

மச்சானுக்கு,

மணிமாறன் எழுதுறேன். கையெழுத்தப் பாத்ததும் கிழிச்சுப் போட்றாதீங்க. நீங்க என் நம்பர பிளாக் பண்ணி அஞ்சு வருசம் ஆச்சு. அகிலா அக்காவும் என்கிட்ட பேசுறதில்ல. அதுல உங்க ரெண்டு பேர் மேலயும் எனக்கு வருத்தம் இல்ல. உங்க கண்ணு போனதுக்குக் காரணம் யாருன்னு எனக்குத் தெரியும். இப்ப நான் சமாதானம் பேச எழுதல. எனக்குப் பயமா இருக்கு, கேக்க வேற ஆள் இல்ல, அவ்வளவுதான்.

நீங்க சவூதியில, கோபார்ல, நாம ரெண்டு பேரும் வேலை பாத்த அதே பைப் டெஸ்டிங் கம்பெனியில இருக்கீங்க, இப்ப லேப்ல உக்கார வச்சிருக்காங்கன்னு யூசுப் பாய் சொன்னார். காயல்பட்டினத்துக்காரர். வாரா வாரம் காய்கறி டிரெய்லர் ஓட்டிக்கிட்டு பார்டர் தாண்டி உங்க பக்கம் வர்றார். அவர் கையில இத குடுத்து விடுறேன்.

நான் இங்க ஒரு துப்பாக்கிக் கடையில வேலை பாக்குறேன். லைசென்ஸ் உள்ள கடைதான். முன்னால ஷோரூம், பின்னால ஒர்க்ஷாப், அதுல நான் லேத்மேன். முதலாளி அப்துல் ஹாதி, இந்த ஊர் அரபி, மாசத்துக்கு ஒருக்கதான் வருவார். கடையப் பாத்துக்கிறது ஹஸ்னைன்னு ஒரு பாகிஸ்தானி மேனேஜர்.

போன மாசம் ஹஸ்னைன் நாப்பது ரைஃபிள் பேரல் இறக்கினார். பேரல்னா குண்டு ஓடி வெளிய வர்ற நீளக் குழாய். நல்ல கம்பெனி பேரல் விலையில மூணுல ஒரு பங்குதான். கிளப்புல குறி பார்த்துச் சுடப் பழகுறவங்களுக்கு விக்கணும். ஒவ்வொண்ணோடயும் 'சோதித்தது, தரமானது'ன்னு ஒரு கார்டு போகும். அதுல கையெழுத்துப் போட வேண்டிய ஆள் நான்.

வயர் கேமராவ உள்ள விட்டுப் பாத்தேன் மச்சான். பளபளப்பு இல்ல. கீறல் நிறைய. சரி, விலை குறைவுக்கு அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். ஆனா இதுவரைக்கும் பாத்ததுல ஒண்ணுல தலைமுடி மாதிரி ஒரு கோடு. ஹஸ்னைன்கிட்ட காட்டினேன். "டூல் மார்க் ஹை பாய், கலாஸ்"ன்னு பேச்ச முடிச்சுட்டார். அது டூல் பட்ட கீறலா, இரும்பே விரிசல் விட்டிருக்கா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

போன்ல கேக்கவும் முடியாது. வேலை நேரத்துல போன் ஹஸ்னைன் டிராயர்ல இருக்கும், சாயங்காலம் திருப்பித் தரும்போது கேலரியத் திறந்து பாப்பார். துப்பாக்கி சாமான் போட்டோவ இன்னொரு நாட்டுக்கு அனுப்புனா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. படிச்சதும் எரிச்சிருங்க.

மணி

பி.கு. நான் இன்னும் ஒண்ணு சொல்லணும். ~~அந்த கார்டு~~ வேண்டாம். அப்புறம் எழுதுறேன்.


அல் கோபார்
10 அக்டோபர் 2024

மணிமாறன்,

உன் கடிதம் வந்து ஒன்றரை நாள் மேசையில் கிடந்தது. திறக்க மனமில்லை. பிறகு, திறக்காத கடிதம் யார் கையிலாவது சிக்கினால் என்ன ஆகும் என்ற பயத்தில் திறந்தேன். உன் மேல் இருந்த அக்கறையில் திறந்ததாக நினைத்துக்கொள்ளாதே.

எனக்கு ரைஃபிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரும்பைப் பற்றித் தெரியும். அதை மட்டும் எழுதுகிறேன்.

கோடு எந்தத் திசையில் போகிறது என்று பார். துளை போட்ட கருவியின் கீறல் குழாயைச் சுற்றி வளையம் வளையமாக இருக்கும். உள்ளே சுருளாகப் பள்ளம் ஓடுகிறதல்லவா, அதைப் போட்ட கருவியின் கீறல் அந்தச் சுருளோடேயே முறுக்கிக்கொண்டு போகும். இந்த இரண்டும் குற்றமில்லை. அசிங்கம், அவ்வளவுதான். ஆனால் வளையத்தையும் மதிக்காமல், சுருளையும் மதிக்காமல், மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே நேராக நீளவாக்கில் ஒரு கோடு போனால், அது கருவி போட்டதல்ல. உருக்கை வார்த்து இழுத்தபோதே உள்ளே இருந்த விரிசல். சீம் என்போம்.

சந்தேகமிருந்தால் தோட்டா உட்காரும் பக்கத்து முனையை நன்றாகத் துடைத்து, சிவப்புச் சாய டை அடி. இருபது நிமிடம் விடு. துடைத்துவிட்டு வெள்ளை ஸ்பிரே அடி. விரிசல் இருந்தால் சிவப்பு கசிந்து மேலே வரும். உன் ஒர்க்ஷாப்பில் இல்லையென்றால் எந்த வெல்டிங் சாமான் கடையிலும் கிடைக்கும். இதெல்லாம் உனக்கு நான் பழக்கிவிட்டதுதான். மறந்துபோனதா, அல்லது அன்றைக்கும் தெரியாமலேதான் செய்தாயா?

மலிவு என்பதற்காக எதையும் ஒதுக்காதே. விலையைக் கேட்டுவிட்டுப் பார்க்கிறவன் கண்ணுக்கு எல்லாமே குறையாகத் தெரியும். ஒவ்வொன்றையும் தனியாகப் பார். உருக்கு வார்ப்பின் அடையாள எழுத்து எங்காவது குத்தியிருக்கும். அதைக் குறித்து வை.

ஒரு பேரலைக்கூட ஒளித்து வைக்காதே, வெட்டாதே, வெளியே கொண்டுபோகாதே. ஒவ்வொன்றுக்கும் நம்பர் இருக்கும். ஒன்று குறைந்தால் நீ ஜெயிலில் இருப்பாய்.

கடைசி வரியில் எதையோ அடித்திருக்கிறாய். கார்டு என்று படிக்க முடிகிறது. கையெழுத்துப் போட வேண்டியது என்றாயே, அந்தக் கார்டா? அதில் என்ன செய்தாய்?

அருள்முருகன்


அல் ஐன்
14 அக்டோபர் 2024, திங்கள்

மச்சானுக்கு,

உங்க லெட்டர நாலு தடவை வாசிச்சுட்டு எரிச்சேன்.

நீங்க சொன்ன மாதிரியே பாத்தேன். ஹஸ்னைன் மத்தியானம் சாப்பிடப் போற நேரந்தான் எனக்குக் கிடைக்கும். மூணு நாள் ஆச்சு. கையில முப்பத்தொம்போது இருக்கு. ஈயக் குண்டு ஒண்ண உள்ள தள்ளி, எங்க இறுக்கம், எங்க தளர்ச்சின்னு கையாலயே பாத்தேன். தோட்டா உட்காருற எடத்துக்கு அளவு பாக்குற கேஜ் போட்டுப் பாத்தேன். இருபத்தெட்டு நல்ல சாமான் மச்சான். பாக்க சொரசொரன்னு இருக்கு, குண்டு மேல உள்ள செம்பு ஒட்டும், அடிக்கடி தேய்க்கணும். ஆனா நேரா இருக்கு, அளவு ஒரே சீரா இருக்கு. அந்த விலைக்கு அது கொள்ளை லாபம், வாங்குறவனுக்குத்தான் சொல்றேன். அஞ்சுல ஈயக் குண்டு நடுவுல தொளதொளன்னு ஓடுது. குறி சிதறும், ஆபத்து இல்ல. சொல்லி வித்தா தப்பில்ல.

மிச்சம் ஆறு. ஆறுலயும் நேர் கோடு. முனையில டை அடிச்சேன். வெள்ளை ஸ்பிரே காயுறதுக்குள்ள சிவப்பு புள்ளி முளைச்சு வந்துச்சு. கொசுக்கடி மாதிரி. ஆறுலயும் ஒரே வார்ப்பு எழுத்து. அந்த எழுத்து மத்த எதுலயும் இல்ல.

பாத்துக்கிட்டே நிக்கேன், பின்னால ஹஸ்னைன். எப்ப வந்தாருன்னு தெரியல. ஆறையும் பாத்தார். வேஸ்ட் துணிய எடுத்து அவர் கையாலயே ஒவ்வொண்ணா துடைச்சார். டூல் மார்க்குன்னு நம்புறவர் எதுக்கு மச்சான் துடைக்கணும்? துடைச்சு முடிச்சுட்டுச் சொன்னார், "பாய், உன் பாஸ்போர்ட் என்கிட்ட இருக்கு. வேலைய விட்டு ஓடிட்டான்னு கேஸ் குடுக்க எனக்கு அஞ்சு நிமிசம் போதும். இல்ல, ரெண்டு பேரல் காணோம்னு சொன்னா இன்னும் சுலபம்."

அன்னைக்கு அடிச்ச வரிய இப்ப எழுதுறேன். பேரல் நாப்பது. என் கையில முப்பத்தொம்போதுதான். ஒண்ண முதல் வாரமே நான் ஒரு ரைஃபிள்ல மாட்டிக் குடுத்துட்டேன். கார்டு நாப்பதையும் ஹஸ்னைன் ஒரே கட்டா கொண்டு வந்தார். பிரிச்சுப் பாக்குறதுக்கு முன்னாலயே நாப்பதுலயும் கையெழுத்துப் போட்டுட்டேன். அவசரம்னாரு. நான் போட்டுட்டேன். திரும்பவும் அதையே செஞ்சுட்டேன் மச்சான்.

அந்த ரைஃபிள் ஷஹீரான்னு ஒரு பொண்ணுக்குப் போச்சு. காலேஜ்ல படிக்கிறா, ஊர்க்காரப் பொண்ணு. அவங்கப்பா பெரிய விலையில வாங்கித் தரேன்னாராம், இவதான் வேண்டாம்னு சொல்லி சொந்தக் காசுல வந்தா. என்கிட்டயே கேட்டா, இங்கிலீஷ்ல, மெதுவா, எனக்குப் புரியணும்னு. "விலை கம்மியா இருக்கே, நம்பலாமா?" நான் "குட் மேடம், டெஸ்டட்"னு கார்டக் காட்டினேன்.

பேரல் ரெஜிஸ்டர எட்டிப் பாத்தேன். அவளோடதும் அந்த எழுத்துதான். அதே எழுத்துல ஏழு, அதுல ஆறு விட்டிருக்கு, ஏழாவதுல அவ கன்னத்த வைக்கப் போறா. கிளப்புல ரிப்பேர் வேலை நடக்குது, அதனால இன்னும் சுடல. வர்ற வெள்ளி, பதினெட்டாம் தேதி, ஜும்மாவுக்கு அப்புறம் திறக்குறாங்க.

ஒருவேளை அதுல விரிசல் இல்லாமலும் இருக்கலாம். இருக்கலாம்ல மச்சான்?

மணி


அல் கோபார்
17 அக்டோபர் 2024, வியாழன்

மணி,

யூசுப் பாய் இன்று காலைதான் வந்தார். படித்ததும் போன் போட்டேன். ஏழு முறை. சுவிட்ச் ஆஃப். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் வெள்ளிக்கிழமை முடிந்திருக்கும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இல்லாமலும் இருக்கலாம்தான். அந்த 'ஒருவேளை'யை நம்பித்தானே நானும் போனேன்.

இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. விசாரணையில் எல்லாரும் கேட்டார்கள், பிரஷர் ஏற்றும்போது பைப்புக்கு அருகில் ஏன் போனாய், விதி தெரியாதா என்று. அழுத்தம் காட்டும் கேஜ் சரியாகத் தெரியவில்லை, அதனால் போனேன் என்றேன். பொய். கேஜ் நன்றாகத் தெரிந்தது. வெல்டிங் ஜாயிண்டில் தொங்கிய, 'சோதித்தது' என்ற சீட்டைப் பார்த்தேன். உன் கையெழுத்து இருந்தது. மணி பார்த்திருக்கிறான், பிறகென்ன என்று பக்கத்தில் போய் நின்றேன். வேறு எவன் கையெழுத்தாக இருந்திருந்தாலும் தள்ளி நின்றிருப்பேன்.

அந்தப் பெண்ணும் உன் கையெழுத்தைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாள்.

போய்ச் சொல். ஹஸ்னைனிடம் அல்ல, முதலாளியிடம். பகலில், நாலு பேர் இருக்கும் இடத்தில். நீ பார்க்காமல் கையெழுத்துப் போட்டதிலிருந்து ஆரம்பி. அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த கிளப்பின் நம்பரை இணையத்தில் தேடி எடுத்தேன். அரை மணி நேரம் கையில் வைத்திருந்தேன். சவூதியிலிருந்து ஒரு இந்தியன் கூப்பிட்டு எமிரேட்ஸில் இருக்கும் ஒரு துப்பாக்கியைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும்? என் விசா அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு வேறு எங்கே வேலைக்குப் போவேன்? நம்பரை அழுத்தவில்லை. உன்னை மட்டும் திட்டிவிட்டு இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

அருள்


அல் கோபார்
24 அக்டோபர் 2024

மணி,

யூசுப் பாய் போன கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். உன் கடையில் ஷட்டர் இறங்கியிருக்கிறதாம். சீல் வைத்து, வாசலில் போலீஸ் வண்டி நிற்கிறதாம். உன் ரூமில் கேட்டால், வெள்ளிக்கிழமை போனவன் வரவில்லை என்கிறார்களாம். அவரும் பயந்துபோய், இனி என்னிடம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள் பாய் என்றார். கெஞ்சித்தான் இந்த இரண்டையும் அனுப்புகிறேன். ரூம்காரன் யாரிடமாவது வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கிளப்புக்குக் கூப்பிட்டேன். அப்போதுதான் தைரியம் வந்தது. எவனோ எடுத்து அரபியில் ஏதோ கத்தினான். பின்னால் ஒரே சத்தம். வைத்துவிட்டேன். அந்தச் சத்தம் என்ன என்று ஆறு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளா? நீ இருக்கிறாயா? ஒரு வரி எழுதடா.

அகிலா போனில் கேட்கிறாள், ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று. சளி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அருள்


அல் ஐன்
29 அக்டோபர் 2024, செவ்வாய்

மச்சான்,

நான் நல்லா இருக்கேன். அந்தப் பொண்ணும் நல்லா இருக்கா. அத முதல்ல எழுதிட்டேன், இப்ப மூச்சு விட்டுக்கோங்க.

உங்க ரெண்டு லெட்டரையும் நேத்துதான் வாசிச்சேன். எல்லாம் முடிஞ்ச பிறகு. பதினாறாம் தேதி ஹஸ்னைன் என் போன நிரந்தரமா பிடுங்கி வச்சுக்கிட்டார், அதான் நீங்க போட்டது கிடைக்கல.

வெள்ளிக்கிழமை அப்துல் ஹாதி எந்தப் பள்ளியில தொழுவார்னு எனக்குத் தெரியும். தொழுகை முடியுற நேரத்துக்குப் போய் வெளிய செருப்பு வைக்கிற எடத்துக்கிட்ட நின்னேன். ரெண்டு தடவை திரும்பி நடந்துட்டேன் மச்சான், பொய் சொல்ல மாட்டேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். அங்க ஒரு பொம்பளைப் பிள்ளை அவங்கம்மா கையப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ஷஹீரா ஜாடைகூட இல்ல. ஏன்னு தெரியல, திரும்பி வந்தேன்.

அவர் வெளிய வந்தார். அவருக்கு இந்தி நல்லா வரும். முதலாளிய இங்க அர்பாப்னுதான் கூப்பிடுவோம். நான் என்ன மொழியில பேசுனேன்னு எனக்கே தெரியல. இந்தி, அரபி, நடுவுல தமிழ். சுத்தி ஆளுங்க நின்னு பாக்குறாங்க. பேரல், கோடு, பொண்ணு, இன்னைக்குன்னேன். அவர் கைய உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"கார்டுல யார் கையெழுத்து?"

"என்னோடது அர்பாப்."

"பாத்துட்டுப் போட்டியா?"

"இல்ல. பாக்காம போட்டேன்."

அடிப்பாருன்னு நெனச்சேன். "வண்டியில ஏறு"ன்னார்.

போற வழியெல்லாம் ஷஹீராவோட அப்பாவுக்கு போன் போடுறார், அவர் எடுக்கல. கிளப்புக்குப் போடுறார், லைன் பிஸி. நான் பின் சீட்ல உக்காந்து முழங்காலப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். கிளப் வாசல்லயே வெடிச் சத்தம் கேட்டுச்சு. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவ முகம் எனக்குத் தெரிஞ்சுச்சு.

உள்ள போனோம். வரிசையா படுத்துச் சுட்டுக்கிட்டு இருக்காங்க. கடைசி மெத்தையில அவ. ரைஃபிள்ல கன்னத்த ஒட்ட வச்சு, ஒரு கண்ண மூடிக்கிட்டு. அப்துல் ஹாதிக்கு வயசு அறுபதுக்கு மேல இருக்கும், ஓடுனார் மச்சான். கத்திக்கிட்டே ஓடுனார். கோச் வந்து மறிச்சுக் கத்துறான், எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. உங்க போன் வந்தது அந்த நேரமா இருக்கும். நீங்க கேட்ட சத்தம் அதுதான்.

அவ ஒம்போது குண்டு சுட்டிருந்தா. ஒம்போதும் தாங்கியிருக்கு. அவளுக்கு என்னைய அடையாளம் தெரிஞ்சுது.

"நீங்கதானே நல்லதுன்னு சொன்னீங்க?"

"பாக்காம சொன்னேன் மேடம். சாரி."

கையுறையக் கழட்டிட்டு கன்னத்தத் தொட்டுப் பாத்துக்கிட்டா.

அன்னைக்கு ராத்திரி அப்துல் ஹாதி என்னைய ரூமுக்கு விடல, அவர் வீட்டுலயே தங்க வச்சார். மறுநாள் துப்பாக்கி லைசென்ஸ் ஆபீஸ்ல இருந்து ஒரு அதிகாரி கிளப்புக்கு வந்தார். ஹஸ்னைனையும் கூட்டிட்டு வந்தாங்க. ரைஃபிள ஒரு சட்டத்துல கட்டி, சுத்தி மணல் மூட்டை அடுக்கி, தூரத்துல நின்னு கயிறு இழுத்துச் சுடச் சொன்னார். நான் ஒவ்வொரு இழுப்புக்கும் கண்ண மூடுனேன். அஞ்சு, பத்து, இருபது. ஒண்ணும் ஆகல. ஹஸ்னைன் சிரிச்சார். "நான்தான் சொன்னேனே அர்பாப், டூல் மார்க். இவன் பயந்தாங்கொள்ளி." கூட இருந்தவங்களும் சிரிச்சாங்க. எனக்கு அப்பதான் ரொம்பப் பயம் வந்துச்சு மச்சான். வெடிச்சிருந்தாக்கூட நான் தப்பிச்சிருப்பேன். வெடிக்கலன்னா நான் கடையக் கெடுத்தவன், பொய்யன். வெடிக்கணும்னு ஒரு நிமிசம் ஆசைப்பட்டேன்.

அப்துல் ஹாதி மட்டும் சிரிக்கல. ரைஃபிள அவிழ்க்கச் சொன்னார். என்னப் பாத்து, "இருபது தாங்கிருச்சு. இப்ப நீ தோள்ல வச்சு ஒண்ணு சுடுவியா?"ன்னு கேட்டார்.

"மாட்டேன் அர்பாப்."

ஹஸ்னைன் பக்கம் நீட்டுனார். "நீ?"

ஹஸ்னைன் சிரிச்ச வாயோட நின்னார். கை நீளல. கடைசியில "என் தோள் வலி அர்பாப்"னார்.

அதுக்கப்புறம் அதிகாரி முன்னாலயே பேரல ரம்பத்துல நீளவாக்குல பிளந்தாங்க. கோடு தோட்டா உட்காருற எடத்துல ஆரம்பிச்சு ஒரு சாண் போயிருந்துச்சு. சுவர் கனத்துல பாதிக்கு மேல இறங்கியிருந்துச்சு. வெட்டுன முகத்துல கரேல்னு பழைய துரு, அதாவது பிறந்தப்பவே இருந்த விரிசல். அது நுனியில மட்டும் புதுசா பளபளன்னு கொஞ்ச தூரம், இந்தச் சுட்டதுல கூடுனது. அடுத்த குண்டுலயா, நூறாவதுலயான்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னார் அதிகாரி.

கடைக்கு சீல் வச்சுட்டு என்னையும் ஹஸ்னைனையும் கூட்டிட்டுப் போனாங்க. ஆறு நாள். அடிக்கல, திட்டல. ஒரே கேள்விய பத்து ஆளுங்க கேட்டாங்க. நீங்க லெட்டர்ல சொன்னது தெரியாமலேயே கையெழுத்துல இருந்துதான் ஆரம்பிச்சேன். நான் பிரிச்சு வச்ச மாதிரியே எல்லாத்தையும் லேப்ல பாத்தாங்களாம். இருபத்தெட்டும் நல்லதுதான்னு வந்திருக்கு. விலை குறைஞ்ச சாமான்னு எல்லாத்தையும் உருக்கப் போறதா இருந்தாங்க, இப்ப அத விக்கலாம்னு விட்டுட்டாங்க. ஹஸ்னைன் இன்னும் உள்ளதான் இருக்கார்.

அப்துல் ஹாதி என் பாஸ்போர்ட்டக் கையில குடுத்துட்டுச் சொன்னார், "நீ வந்து சொன்னதால உன் மேல கேஸ் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். ஆனா பாக்காம கையெழுத்துப் போட்டவன நான் துப்பாக்கிக் கடையில வச்சுக்க முடியாது." சரிதானே மச்சான். விசா கேன்சல். எட்டாம் தேதி பிளைட்.

நீங்க எழுதுனத வாசிச்சேன், என் கையெழுத்தப் பாத்துத்தான் பக்கத்துல போனேன்னு. அந்த ஜாயிண்டச் சோதிக்க வேண்டிய அன்னைக்கு வெயில். கேம்ப் பஸ் கிளம்புது. இன்னும் பதினாலு ஜாயிண்ட் பாக்கி. பதினாலுலயும் பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டு ஓடுனேன். கேட்டப்ப பாத்தேன்னு சாதிச்சேன், பழி வெல்டர் மேல போச்சு. இத யார்கிட்டயும் நான் வாயால சொன்னதில்ல. உங்ககிட்டகூட எழுத்துலதான் சொல்றேன்.

ஊருக்குப் போய் அக்கா முன்னால எப்படி நிக்கப் போறேன்னு தெரியல.

மணி


அல் கோபார்
3 நவம்பர் 2024

மாப்ளே,

நீ நலம் என்று தெரிந்ததும் பயம் தெளிந்து யூசுப் பாயே உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் வரியைப் படித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன். டீ குடித்துவிட்டு வந்துதான் மிச்சத்தைப் படித்தேன்.

அகிலாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவளுக்கு எதுவும் தெரியாது.

அஞ்சு வருசமா அவளுக்கு நான் சொன்னது, பைப் வெடிச்சுது, அது விபத்துன்னு. உன் பேரை எடுக்கவே இல்லை. வேலையில உனக்கும் எனக்கும் ஒரு சண்டை, அவன்கூடப் பேசாதேன்னு மட்டும் சொல்லி வச்சேன். அவளும் ஏன்னு கேக்காம எனக்காகக் கூடப்பிறந்தவனை விட்டுட்டு இருக்கா. தீபாவளிக்குத் தீபாவளி அழுவா. சொல்லியிருந்தா உன்னை அவ எப்பவும் சேர்த்திருக்க மாட்டா, அது எனக்கு வேண்டாம்னு நெனச்சேன். ஆனா மன்னிக்கவும் எனக்கு மனசு வரலை. ரெண்டுக்கும் நடுவுல அவளை நிறுத்தி வச்சுட்டேன். அது என் தப்பு.

இனிமேல் நான் சொல்லப் போவதில்லை. நீதான் சொல்ல வேண்டும். நேரில், அவள் முகத்தைப் பார்த்து. அவள் உன்னை வீட்டுக்குள் விடாமல் போகலாம். அதற்கும் சேர்த்துத்தான் போகிறாய்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. மறைத்ததற்கு என்னையும் கேட்பாள்.

எனக்கு உன் மேல் இருந்தது போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. காலையில் முகம் கழுவும்போது தினமும் வருகிறது. ஆனால் நீ பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி நடந்ததாக எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

உன் நம்பரைத் திறந்து வைத்திருக்கிறேன்.

அருள்


அருப்புக்கோட்டை
13 நவம்பர் 2024

மச்சான்,

போன்ல சொல்ல முடியல, அதான் தபால்ல போடுறேன்.

ஒம்போதாம் தேதி உங்க வீட்டுக்குப் போனேன். அக்கா வாசல்ல என்னப் பாத்ததும் அப்படியே நின்னுட்டா. அப்புறம் ஓடி வந்து கையப் பிடிச்சுக்கிட்டா. "அவர் வரச் சொன்னாரா? சமாதானம் ஆயிட்டீங்களா?"ன்னு கேட்டா. சோறு போட இலை எடுக்கப் போனா. சாப்பிட்டுட்டுச் சொல்லலாம்னு மனசு சொல்லுச்சு. சாப்பிட்டா சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும். நின்னுக்கிட்டே சொன்னேன். பதினாலு ஜாயிண்ட், பஸ், கையெழுத்து, நீங்க அதப் பாத்துட்டுப் பக்கத்துல போனது, எல்லாத்தையும் சொன்னேன்.

அவ இலையக் கீழ வச்சுட்டு உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா. நான் வெளிப்படியில உக்காந்திருந்தேன். அழுகைச் சத்தம்கூட வரல. அதுதான் ரொம்பப் பயமா இருந்துச்சு. எழுந்து போயிறலாமான்னு பல தடவை தோணுச்சு. போகல.

வெயில் சாஞ்ச பிறகு கதவு திறந்துச்சு. என்னத் திட்டுவான்னு பாத்தேன், திட்டல. உள்ள வாடான்னும் சொல்லல. நிலையப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"அன்னைக்கு அவருக்கு ரொம்ப வலிச்சுதா? நீ கூட இருந்தியே. ஆஸ்பத்திரியில இருந்து பேசுனப்ப ஒண்ணும் இல்ல, தூசி மாதிரிதான்னார். அதயே இத்தன வருசமா சொல்றார்."

நான் உண்மையச் சொன்னேன் மச்சான். நீங்க ஆம்புலன்ஸ்ல என் சட்டையப் பிடிச்சுக் கடிச்சுக்கிட்டு வந்ததச் சொன்னேன். அப்பதான் அவ அழுதா. படியில என் பக்கத்துல வந்து உக்காந்து அழுதா.

எனக்கு இன்னும் அந்த வீட்டுல சோறு போடல. ஆனா நாளைக்கும் வான்னு சொல்லியிருக்கா. நாலு நாளா போய்ப் படியில உக்காந்துட்டு வர்றேன்.

உங்ககிட்ட அவ கேக்க வேண்டியது நிறைய இருக்குன்னா. நீங்களா கூப்பிடுற வரைக்கும் அவ கூப்பிட மாட்டாளாம். கூப்பிடுங்க மச்சான். தூசின்னு மட்டும் சொல்லாதீங்க.

மணி